அரைக்குள் முக்கால்

முர்வந்திக்கு வயது முப்பத்தாறு. அதில் பதினாலு வருஷத்தை ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே ஐந்தாம் வகுப்பில் கழித்தவள். வோனோசோபோ ஊரிலிருந்து மேலே ஏறும் பாதையில், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கிற பள்ளிக்கூடம் அது. காலை பத்து மணி வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியாது. அவள் தற்காலிக ஆசிரியை. நம்ம மலையில் தற்காலிகம் என்று ஒரு வேலையில் சேர்ந்தால், பேரப்பிள்ளை எடுக்கிற வரைக்கும் அதிலேயே இருக்கலாம். யாரும் நிரந்தரமாக்க மாட்டார்கள், யாரும் போகச் சொல்லவும் மாட்டார்கள்.

அப்படித்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். போன வருஷம் ஒரு கடிதம் வந்தது. பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர்கள் அடுத்த ஜூலையில் பள்ளிக்கூட வருஷம் தொடங்கும்போது வகுப்பில் இருக்கக் கூடாதாம். ஒரு வருஷப் பயிற்சி, கடைசியில் ஒரு பாடம் நடத்திக் காட்டும் தேர்வு. தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் ஆறு மாசம் கழித்து மறுதேர்வு உண்டு, ஆனால் அதற்குள் அவள் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

"போய்ப் படி. பதினாலு வருஷமா பாடம் எடுக்கிறவளுக்கு எவன் வந்து என்ன சொல்லிக்குடுக்கப் போறான்? காயிதத்தை வாங்கிட்டு வந்துடு" என்றான் அவள் புருஷன் தர்முஜி. அவனுக்கு உருளைக்கிழங்கு விவசாயம். எதையும் மண்ணிலிருந்து தோண்டி எடுத்தால்தான் நம்புவான், ஆனால் பெண்டாட்டியின் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் தோண்டாமலே நம்பினான்.

முர்வந்தியும் அப்படித்தான் நினைத்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் லீவு சொல்லிவிட்டு, தினமும் விடியற்காலையில் மினிபஸ் பிடித்து, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து, கீழே ஊரில் இருந்த பயிற்சிக் கல்லூரிக்குப் போனாள். வகுப்பில் மற்ற எல்லாருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான். அவளுக்கு முதல் நாளே 'பெரியக்கா' என்று பெயர் விழுந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. ஏனென்றால் அந்த வகுப்பில் லிந்தாங் இருந்தாள்.

லிந்தாங் அவளிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண். முன்பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டை மயிலிறகு மாதிரி வைத்துக்கொள்கிற பிள்ளை. கணக்கில் நூற்றுக்கு நூறு. இப்போது கல்லூரியிலும் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். "என் கையில படிச்ச பொண்ணு" என்று முர்வந்தி எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். கேன்டீன்காரரிடம் இரண்டு முறை சொன்னாள்.

கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் கற்பித்தல் முறைகள். கணக்கை நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் போதாதாம், அதற்கு ஒரு முறை வேண்டுமாம். பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கிற முறை ஒன்று. ஆளுக்கொரு துண்டு படித்துவிட்டு வந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிற துண்டுப்பட முறை ஒன்று. கேள்வி அட்டையும் விடை அட்டையும் வைத்துக்கொண்டு ஜோடி தேடுகிற முறை ஒன்று. முர்வந்தி எல்லாவற்றையும் ஒழுங்காக நோட்டில் எழுதிக்கொண்டாள். மனசுக்குள், இதெல்லாம் குரங்கு வித்தை என்று நினைத்தாள். பாடம் நடத்தணும், "புரிஞ்சுதா?"ன்னு கேக்கணும், பிள்ளைங்க "புரிஞ்சுது டீச்சர்"னு சொல்லணும். பதினாலு வருஷமாக ஒரு பிள்ளைகூட மாற்றிச் சொன்னதில்லையே!

தேர்வுக்கு ஒரு மாசம் இருக்கும்போது, பேராசிரியை ரஹாயு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். யாருக்கு எந்த முறை வருகிறதோ அதில்தான் தேர்வு. பகாஸ் என்ற வாயாடிப் பையனுக்கு ஜோடி தேடுகிற முறை வந்தது.

"மேடம், எங்கம்மா மூணு வருஷமா தேடுறாங்க. எழுபது நிமிஷத்துல எப்படி மேடம் முடியும்?" என்றான். வகுப்பு சிரித்தது.

லிந்தாங்குக்குத் துண்டுப்படம். முர்வந்திக்கு எண்தலை முறை வந்தது. நான்கு நான்கு பிள்ளைகளாகக் குழு பிரித்து, ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் ஒன்றிலிருந்து நான்கு வரை எண் எழுதின காகிதப் பட்டை கட்ட வேண்டும். ஆசிரியர் கேள்வி கேட்பார். குழு தலையோடு தலை சேர்த்துப் பேசி, நாலு பேருக்கும் விடை தெரியும்படி செய்துகொள்ள வேண்டும். பிறகு ஆசிரியர் ஏதாவது ஒரு எண்ணைக் கூப்பிடுவார். அந்த எண்காரர்கள் எழுந்து பதில் சொல்ல வேண்டும். எந்த எண்ணைக் கூப்பிடுவார் என்று தெரியாததால் யாரும் தூங்க முடியாது.

"பெரியக்காவுக்கு லாட்டரி" என்றான் பகாஸ். "தலையில நம்பர் ஒட்டினா போதும், பாதிப் பாடம் முடிஞ்சுது."

ஒத்திகை அன்றைக்கு இருபது பேரும் நெற்றியில் காகிதப் பட்டை கட்டிக்கொண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்தார்கள். பகாஸ் பக்கத்துப் பையன் பென்சிலைப் பிடுங்கிவிட்டான் என்று அழுதான். முர்வந்தி எடுத்த பாடம் பின்னத்தை வகுப்பது. அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. 'தலைகீழாக்கு, பெருக்கு' என்று அவளே ஒரு மெட்டுக் கட்டி வைத்திருந்தாள்; மலையில் மூன்று கிராமத்துப் பிள்ளைகள் அதைப் பாடுவார்கள். கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். விடைகள் வந்தன. ரஹாயு பின்னாலிருந்து, "முறைப்படி ஒரு 'ஏன்' கேள்வியும் கேக்கணும் முர்வந்தி" என்று நினைவுபடுத்தினார்.

"சரி. ஏன் தலைகீழாக்கிப் பெருக்குறோம்? குழுவுல பேசுங்க" என்றாள். பேசினார்கள். "நாலாம் நம்பர்!" என்று கூப்பிட்டாள்.

லிந்தாங் எழுந்தாள். நெற்றியில் 4. "தெரியாது டீச்சர்" என்றாள்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. முர்வந்திக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்தி, கையைப் பிசைந்துகொண்டு, அச்சு அசல் பத்து வயசுப் பிள்ளை மாதிரி நின்றாள். நேரமாகிவிட்டதால் முர்வந்தி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் கேன்டீனில் இரண்டு பேரும் மாவில் முக்கிப் பொரித்த டெம்பே தின்றுகொண்டிருந்தார்கள். டெம்பே என்கிற சோயாக் கட்டி இல்லாமல் நம்ம ஆட்களுக்குப் பொழுது விடியாது. முர்வந்தி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நல்லாத்தான் நடிக்கிற. கல்லூரிக்கு வந்ததுக்கு நாடகக் கம்பெனிக்குப் போயிருக்கலாம் நீ."

லிந்தாங் டெம்பேயைக் கீழே வைத்தாள். "நடிக்கல டீச்சர்."

"என்னது?"

"எனக்கு நெசமாவே தெரியாது. தலைகீழாக்கிப் பெருக்கினா விடை வரும்னு தெரியும். ஏன்னு தெரியாது."

"நான் உனக்கு அஞ்சாங்கிளாஸ்ல எடுத்தேனே."

"எடுத்தீங்க. புரிஞ்சுதான்னு கேட்டீங்க. எல்லாரும் புரிஞ்சுதுன்னாங்க, நானும் சொன்னேன்." அவள் மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டே பேசினாள். "புரியலன்னு சொன்னா உங்களுக்குச் சொல்லத் தெரியலன்னு ஆயிடுமே டீச்சர். அது மரியாதையா? அப்புறம் ஹைஸ்கூல்ல, அது அஞ்சாங்கிளாஸ் பாடம்னு யாரும் எடுக்கல. மார்க்கு வந்துட்டே இருந்துச்சு. அப்படியே வந்துட்டேன்."

லிந்தாங்கிடம் இதோ இப்போதே சொல்லிவிடலாம் என்று முர்வந்தி மனசுக்குள் விடையைத் தேடினாள். விடை அங்கே இல்லை. மெட்டுத்தான் இருந்தது. அவளுக்கும் அவளுடைய வாத்தியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார், அவளும் 'புரிஞ்சுது சார்' என்று சொல்லியிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அடுப்பங்கரையில் இருந்த டெம்பேக் கட்டியை எடுத்தாள். வாழையிலையைப் பிரித்தாள். வெட்டினாள். வெட்டின துண்டுகளை மறுபடி சேர்த்து வைத்தாள்.

"என்ன செய்யுற? குழம்புக்கா?" என்று கேட்டான் தர்முஜி.

"கணக்குக்கு."

"கணக்குக்கு எதுக்கு டெம்பே?"

"ஏங்க, மூணு கட்டி டெம்பே இருக்கு. பாக்கெட்டுக்குக் கால் கட்டி. எத்தனை பாக்கெட்?"

"பன்னெண்டு" என்றான் அவன், மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே.

"எப்படிச் சொன்னீங்க?"

"ஒரு கட்டியில நாலு வருமே. மூணு கட்டி. இது என்ன பெரிய கம்பசூத்திரமா?"

முர்வந்தி அவனை வெறித்துப் பார்த்தாள். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஒரு கட்டியில் நாலு வருகிறது, அதனால்தான் நாலால் பெருக்குகிறோம். தலைகீழாவது, மேலாவது! பதினாலு வருஷம் நாற்பது நாற்பது பிள்ளைகளாக எத்தனை பேர் தன்னிடம் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்காத இடத்தில் வருகிற வெட்கம் இருக்கிறதே, அது சோறு இறங்க விடாது.

தேர்வு ஊரில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில், முன்பின் தெரியாத பிள்ளைகளோடு. தேர்வாளர் பெயர் சுவோந்தோ. தானும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுப்பவர், தேர்வுக் காலத்தில் மட்டும் இந்த வேலைக்கு வருவார். ஒட்ட வெட்டின நரைமுடி, இஸ்திரி போட்ட, மெழுகுச் சாயப் பூப்போட்ட பாத்திக் சட்டை. விடாக்கண்டன் என்று பெயர் வாங்கினவர். முதல் நாள் பகாஸின் ஜோடிகளில் ஒன்று கடைசிவரை சேரவில்லை என்று மூன்று மதிப்பெண் வெட்டியிருந்தார்; ஆனாலும் அவன் தேறிவிட்டான். லிந்தாங் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. மதிப்பெண் தாளில் ஐந்து படிகள்: குழு பிரிப்பது, கேள்வி கேட்பது, குழுவைப் பேசவைப்பது, எண்ணைக் கூப்பிடுவது, தொகுத்துச் சொல்லிச் சின்னத் தேர்வு வைத்து முடிப்பது. எழுபது நிமிஷம். எழுபது மதிப்பெண் வந்தால் போதும்.

முர்வந்தி ஒரு கூடை நிறைய டெம்பேக் கட்டிகளும், காகிதப் பட்டைகளும், ஐந்து கேள்விகள் அச்சிட்ட தாளும் கொண்டுபோனாள். லிந்தாங் பார்வையாளராகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் செருப்பை வாசலில் வரிசையாக விட்டுவிட்டு வந்து, இருபத்துநாலு பேரும் நெற்றியில் எண் கட்டிக்கொண்டார்கள். எல்லாம் பட்டுப்பட்டென்று நடந்தது. முதல் கேள்வி, மூணு கட்டி, பாக்கெட்டுக்குக் கால். "மூணாம் நம்பர்!"

நஸ்திதி என்ற பெண் எழுந்தாள். ஒல்லியாக, பெரிய சட்டைக்குள் இருந்தாள். "பன்னெண்டு டீச்சர். காலைத் தலைகீழாக்கினா நாலு. மூணை நாலால பெருக்கினா பன்னெண்டு."

சுவோந்தோ தாளில் ஒரு கோடு போட்டார். பின்னால் லிந்தாங் லேசாகத் தலையசைத்தாள்.

"ஏன் தலைகீழாக்கணும்?" என்று கேட்டாள் முர்வந்தி.

நஸ்திதி தன் கால்விரலைப் பார்த்தாள். மற்ற மூணாம் நம்பர்களும் கால்விரலைப் பார்த்தார்கள்.

"சரி, நான் செய்யறதைப் பாருங்க." அவள் ஒரு டெம்பேயை உயர்த்திப் பிடித்து, நாலாக வெட்டி, வேகமாக இரண்டு வாக்கியம் சொன்னாள். கடிகாரத்தைப் பார்த்தாள். "புரிஞ்சுதா?" பழக்கதோஷம், வாயில் தானாக வந்துவிட்டது.

"புரிஞ்சுது டீச்சர்" என்றன இருபத்துநாலு குரல்களும். அழகான சுருதி. நஸ்திதியும் சொன்னாள்; சொல்லும்போது டெம்பேயைப் பார்க்கவில்லை, டீச்சரின் முகத்தைத்தான் பார்த்தாள். டீச்சர் சந்தோஷப்படுகிறாளா என்று பார்க்கிற பார்வை அது.

அந்தப் பார்வையை முர்வந்திக்குத் தெரியும். முன்பெஞ்சில் லிந்தாங் உட்கார்ந்திருந்த வருஷம் முழுக்க அதைப் பார்த்திருக்கிறாள். இன்னும் நாலு கேள்வி பாக்கி, நாற்பத்தெட்டு நிமிஷம் பாக்கி. கடைசி வரிசையில் அந்தப் பழைய முன்பெஞ்சுப் பிள்ளை, யாருக்கும் தெரியாமல் விரலைச் சுழற்றி, 'போங்க, அடுத்ததுக்குப் போங்க' என்று சைகை காட்டிக்கொண்டிருந்தாள். போயிருக்கலாம். போனால் வேலை நிரந்தரம்.

முர்வந்தி சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"பிள்ளைங்களா, ஒரு விஷயம் சொல்றேன். இது ஏன்னு ஒரு மாசம் முன்னாடி வரைக்கும் எனக்கே தெரியாது. பதினாலு வருஷமா தெரியாமலே சொல்லிக்குடுத்தேன். நான் கேக்கும்போதெல்லாம் எல்லாரும் புரிஞ்சுதுன்னு சொன்னாங்க. அதனால உங்களுக்குப் புரியலன்னா அது உங்க தப்பு இல்ல, என்னோடது. இப்ப சொல்லுங்க, யாருக்குப் புரியல?"

யாரும் கை தூக்கவில்லை. தூக்கிவிடுவார்களா என்ன? ஒரு டீச்சர் தனக்குத் தெரியாது என்று சொல்லி இந்தப் பிள்ளைகள் கேட்டதில்லை; அடுத்து என்ன நடக்குமோ என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் விடவில்லை. கேள்வித்தாளை மடித்துக் கூடையில் போட்டுவிட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று கட்டியும் ஒரு பிளாஸ்டிக் கத்தியும் கொடுத்தாள். "வெட்டுங்க. எனக்கு விடை வேண்டாம். வெட்டும்போது என்ன பாக்குறீங்கன்னு சொல்லுங்க, போதும்."

முதல் பத்து நிமிஷம் வீணாகத்தான் போனது. ஒரு குழு டெம்பேயைக் கறிக்கு நறுக்குகிற மாதிரி பொடிப்பொடியாக நறுக்கிவிட்டது. பிறகுதான் சத்தம் வந்தது. நஸ்திதி எழுந்து நின்று, "டீச்சர், ஒரு கட்டிக்கு நாலு வருது. தலைகீழெல்லாம் ஒண்ணும் இல்ல, ஒரு கட்டிக்கு எத்தனைன்னுதான் பாக்குறோம்" என்றாள். பக்கத்துக் குழுப் பையன் அதெப்படி என்றான். அவள் போய் அவன் டெம்பேயை வெட்டிக் காட்டினாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பாக்கெட்டுக்கு முக்கால் கட்டி என்றால் என்ன ஆகும் என்று இன்னொரு குழு தானாகவே ஆரம்பித்தது. பன்னிரண்டு கால், மூணு மூணாகச் சேர்த்தால் நாலு பாக்கெட் என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடித்தார்கள். மணி அடித்தபோது இரண்டு பிள்ளைகள் பெஞ்சின்மேல் நின்றுகொண்டிருந்தார்கள். தொகுத்துச் சொல்லவில்லை, சின்னத் தேர்வு வைக்கவில்லை, நாலு கேள்விகள் கூடையிலேயே கிடந்தன.

பிள்ளைகள் போனதும் லிந்தாங் விடுவிடுவென்று முன்னால் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு என்ன பைத்தியமா டீச்சர்? நாலே நாலு கேள்வி. கேட்டுட்டு வந்திருந்தா முடிஞ்சுது. அவங்க யாரு உங்களுக்கு? நாளைக்கு உங்க முகங்கூட அவங்களுக்கு ஞாபகம் இருக்காது."

"நீ வெளியில இரு, வர்றேன்" என்றாள் முர்வந்தி.

சுவோந்தோ மதிப்பெண் தாளோடு வந்து எதிரே ஒரு பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் மேசையில் இடித்தது. "அறுபத்தெட்டு" என்றார். "நாலாம் படி ஒரு தடவைதான் நடந்துச்சு. அஞ்சாம் படி நடக்கவே இல்ல. நடக்காததுக்கு நான் மார்க் போட முடியாது."

"தெரியும் சார்."

"ரெண்டு மார்க்."

"தெரியும் சார்." அவள் கையெழுத்துப் போட்டாள். எழுத்து நேராகத்தான் வந்தது. ஜூலைக்கு இன்னும் மூன்று மாசம்தான் இருந்தது.

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். எழுந்திருக்கவில்லை. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? அரையை முக்காலால வகுத்தா மூணுல ரெண்டு வரும். முப்பத்தொரு வருஷமா போர்டுல எழுதறேன். ஆனா அரைக்குள்ள முக்கால் எப்படிங்க போகும்? அரை சின்னது. முக்கால் பெரிசு."

முர்வந்தி யோசித்தாள். பின்பு, "எனக்கும் தெரியல சார்" என்றாள்.

பிறகு அவள் மிச்சமிருந்த கட்டியில் பாதியை வெட்டி இலையில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். அவள் அந்தப் பாதியை மறுபடி இரண்டாக வெட்டினாள்.

"இது ரெண்டு கால் துண்டு. பாக்கெட்டுக்கு முக்கால்னா மூணு கால் துண்டு போடணும்" என்று மெதுவாகச் சொன்னாள், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "மூணு போட வேண்டிய இடத்துல ரெண்டு இருக்கு. பாக்கெட் நிறையல சார். மூணுல ரெண்டு பங்குதான் நிறைஞ்சிருக்கு."

சுவோந்தோ ஒரு துண்டைத் தள்ளி வைத்தார், மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தார். மூன்றாவது துண்டு இருக்க வேண்டிய இடத்தில் தன் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தார். விரலை எடுக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

"டீச்சர்" என்றார், "இந்த ரெண்டு துண்டையும் நான் எடுத்துக்கட்டுமா? நாளைக்குக் காலையில எனக்கு வகுப்பு இருக்கு."

முர்வந்தி அதை இலையில் மடித்து, நாரால் கட்டிக் கொடுத்தாள். அழுகை, மினிபஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தது.